லைட் போவதற்கு முன்

எனக்கு வாடகைக்காரர்களைப் பிடிக்காது. அதை மறைத்துப் பேசவும் எனக்கு வராது. கேட்காமல் சுவரில் ஆணி அடிப்பார்கள், வீட்டை விட்டுப் போகும்போது பல்பைக் கழற்றிக்கொண்டு போவார்கள். ராமநாதனும் லீலாவும் எங்கள் வீட்டின் இடப்பக்கத்துப் பாதியில் குடியிருந்தார்கள். ஆணியும் அடித்தார்கள். ஆனாலும் லீலாவை எனக்குப் பிடித்துவிட்டது, என்ன செய்வது. அந்தி சாய்ந்து சுவிட்சைப் போட்டதும் பல்பைப் பார்த்துக் கைகூப்புவாள். "அப்படியே கரண்டு பில்லையும் கும்பிடேன்டி, கொறச்சுப் போடுவான்" என்று கேலி செய்வேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வெளிச்சத்தைக் கும்பிடுவது இந்துக்களுக்குச் சின்ன வயதிலேயே கையில் ஊறிவிடுகிற பழக்கம், முஸ்லிம்களான எங்களுக்கு அது கிடையாது.

எண்பத்து மூன்று ஜூலையில் எங்கள் ஊர் பதுளையில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கிய அன்று, என் கணவர் மஹ்ரூப் துணி மூட்டைகளோடு மொனராகலையில் மாட்டிக்கொண்டார். பஸ் ஓடவில்லை. மத்தியானம் எதிரே பேக்கரி வைத்திருக்கும் சிங்களவர் எங்கள் பின்கதவைத் தட்டினார். கடைத்தெருவில் யாரையோ காப்பாற்றப் போய் நெற்றி பிளந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"லொறியில வந்த ஆளுங்க. தமிழ் வீடாத் தேடுறாங்க. இருட்டுனதும் டவுனுக்கே லைட்டை வெட்டப் போறாங்களாம், நோனா. ஏற்பாடு பண்ணிக்குங்க" என்று உடைந்த தமிழில் சொல்லிவிட்டு ஓடினார்.

நானும் லீலாவும் வேலையில் இறங்கினோம். குப்பி லாம்புகளில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டோம். கிணற்று மோட்டார் நின்றுவிடும் என்று அண்டா, வாளி, துணி அலசுகிற பேசின் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தோம். கூரையில் தீ வைத்தாலும் அதுதான் கதி. அவர்கள் பக்கத்துச் சாமி படங்களை அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்து, ஆணிகளை நானே பிடுங்கினேன். கட்டிலைப் புரட்டிச் சாத்திவிட்டு எங்கள் துணி மூட்டைகளை இழுத்துப் போட்டு, அந்தப் பாதியை ஸ்டோர் ரூமாக்கினோம். எங்கள் பக்கத்துச் சீலிங் பலகை இரண்டு பேரைத் தாங்காது என்பதால் ராமநாதனை மட்டும் அதற்கு மேலே ஏற்றி ஏணியை எடுத்துவிட்டேன்.

"என்ன நடந்தாலும் சத்தம் போடப்படாது, தம்பி" என்றேன்.

"லீலா சத்தம் கேட்டா பலகையை ஒடச்சுக்கிட்டுக் குதிச்சிருவேங்க, அக்கா. அதுக்கு மேல என்னால முடியாது."

லீலா கீழே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றி என் கையில் தந்தாள். என் சேலையைக் கட்டி முக்காடு போட்டுவிட்டேன். "நீ என்ட தங்கச்சி நளீரா. வெலிமடையில இருந்து வந்திருக்க. நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கொள்றேன்."

ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். மூலைச் சில்லறைக் கடை வீரய்யாவை வேட்டியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து வந்திருந்தார்கள். இரும்புக் கம்பி அவர் தலையில் இறங்கியபோது தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவர் விழுந்த பிறகும் அடித்தார்கள். செத்தவனை எதற்கடா அடிக்கிறீர்கள் என்று கத்த வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்தில் எங்கள் கதவை உதைத்தார்கள். திறந்தேன். ஆறு பேர் வந்தார்கள், முன்னால் நின்றவன் கையில் வாள் இருந்தது. இது முஸ்லிம் வீடு, ஆம்பிளை யாவாரத்துக்குப் போயிருக்கிறார், இவள் என் தங்கை என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன். ஸ்டோர் ரூமில் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். வாள்காரன் தலையாட்டினான். வாசல்வரைக்கும் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து லைட் போனது. நான் பழக்கத்தில் தீப்பெட்டியை உரசிக் குப்பி லாம்பைப் பற்றவைத்தேன். சுடர் எழும்பியது. எனக்குப் பக்கத்தில் நின்ற லீலா அதைப் பார்த்துக் கைகூப்பினாள்.

வாள்காரன் பார்த்துவிட்டான்.

முக்காட்டோடு சேர்த்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். "உன் புருஷன் எங்கே?" அவள் தலையை ஆட்டினாள். வாள் பிடியால் வாயில் குத்தினான். "ஐ" என்று பாதிச் சத்தம் வந்தது. மேலே பலகை ஒருமுறை கிரீச்சிட்டது.

லீலாவுக்கு அது கேட்டது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பலகைச் சத்தத்தை அமுக்க நான் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறினேன். லாம்பைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தேன். குறி தவறிச் சுவரில் பட்டு அணைந்தது. ஒருத்தன் என்னைத் தரையில் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினான். அவன் கையைக் கடித்தேன், சதை பிய்ந்தது. இருட்டில் லீலாவை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. உதை, கம்பு, மறுபடியும் உதை. எலும்பு முறிந்ததும் கேட்டது. அவளிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. நான் திட்டினேன், அழுதேன், அல்லாஹ்வைக் கூப்பிட்டேன்.

தெருவிலிருந்து யாரோ கூவினார்கள். நகைக்கடைக் கதவு உடைந்துவிட்டதாம். மனுஷியைவிட நகை பெரிதல்லவா, ஆறு பேரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

தவழ்ந்து போய் அவளைத் தொட்டேன். முகம் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே வீக்கமும் ஈரமுமாக இருந்தது. வலக்கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. மூச்சு வந்தது.

"போயிட்டாங்களாக்கா?" மேலேயிருந்து ராமநாதன் கேட்டான்.

"போயிட்டானுகள்."

"சாமி காப்பாத்துச்சு! ஒங்க சத்தந்தான் கேட்டுச்சுங்க. லீலா சத்தமே இல்ல. அவளைத் தொடலன்னு தெரிஞ்சப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." அழுகையும் சிரிப்புமாகப் பேசினான். "எங்க லீலா கெட்டிக்காரி. அக்கா, ஏணியை வைங்க. ஒரு லாம்பைப் பத்த வைங்க, அவ மொகத்தப் பாக்கணும்."

அவனை இழுத்துப் போட்டு அறைய வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த கணமே அவனுக்காக நெஞ்சு வெடித்தது. தரையைத் தடவித் தீப்பெட்டியை எடுத்தேன்.

லீலாவின் இடக்கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டு என் காதுக்குள் சொன்னாள். பல் இல்லாமல் சொற்கள் குழறின.

"இப்ப வேணாங்க்கா. இன்னங் கொஞ்ச நேரம் அவரு அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."