ஒரே கடையில் இரண்டு கட்சி

தண்ணீருக்கு அடியில் என் கணவரின் நெற்றியும் என் நெற்றியும் மோதிக்கொண்ட சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. தப்பு முழுக்க அவருடையது. நான் காற்று தீர்ந்துபோனவள்போல நடிக்க வேண்டும், கழுத்தருகே கையால் வெட்டிக் காட்ட வேண்டும். அவர் உடனே தன் வாயில் இருக்கும், மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, கழுத்தில் தொங்கும் உபரி ஒன்றைத் தான் கவ்விக்கொள்ள வேண்டும். இதுதான் பயிற்சி. வாயில் இருப்பதற்கு ஆள் உயரக் குழாய், தொங்குவதற்குக் கையளவு குழாய். என்னவரோ வாயில் இருந்ததை விடவே இல்லை. கழுத்தில் தொங்கியதை எடுத்தார், தண்ணீருக்குள்ளேயே இரண்டு உதறு உதறினார், விருந்தாளிக்கு டம்ளர் நீட்டுகிறவரைப் போல என்னிடம் நீட்டினார். நான் அதைக் கவ்வியதும் குட்டைக் குழாய் என்னை அவர் முகத்தோடு சேர்த்து இழுத்தது. பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

மேலே வந்து பாறையில் உட்கார்ந்ததும் பயிற்சியாளர் கேட்டார். "ஏன் சார் அதக் குடுத்தீங்க?"

"இது என் வாயில இருந்தது சார். எச்சில்."

"அவங்க உங்க மனைவிதான?"

"ஆமா. அதுக்காக?"

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் என் டம்ளரில் ஒரு வாய் குடித்ததில்லை. ஐஸ்கிரீம் ஒன்று வாங்கினால் ஸ்பூன் இரண்டு வர வேண்டும். அன்பில் குறை ஒன்றும் இல்லை, சுபாவமே அப்படி. இதையெல்லாம் ஈர உடையோடு உட்கார்ந்துகொண்டு ஒரு மூன்றாம் மனிதரிடம் எப்படிச் சொல்வது.

"உங்க வாயில இருக்கறது வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியும், அதுலதான மூச்சு விடறீங்க. தொங்கறது வேலை செய்யும்னு நினைக்கிறீங்க, அவ்வளவுதான். தவிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சதக் குடுக்கணும். நினைக்கிறத நீங்க வெச்சுக்கணும்." இப்படிச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். என் கணவர் வெகுநேரம் தன் ரெகுலேட்டரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இறங்குவது ஊருக்கு வெளியே உள்ள பழைய கல்குவாரியில். தோண்டிக்கொண்டே போனவர்கள் ஒருநாள் ஊற்றை உடைத்துவிட்டார்கள், அது தாராளமாக நிரம்பிவிட்டது. அடியில் லாரிகளை எடைபோட்ட அறை ஒன்று அப்படியே நிற்கிறது. எங்களுக்கு அனுமதி உள்ள ஆழத்திலிருந்து பார்த்தால் அதன் கூரை மட்டும் பச்சையாகத் தெரியும். சேர்ந்து அந்த அறைக்குள் போக வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. மகள் படிக்கப் போய் வீடு காலியானதும் அந்த ஆசை தலைதூக்கியது. ஆனால் அவ்வளவு ஆழம் போனால் நினைத்தவுடன் மேலே வர முடியாது. உடம்பில் ஊறிய வாயு சோடா பாட்டிலைத் திறந்ததுபோலப் பொங்கிவிடும். வழியில் அங்கங்கே நின்று, காத்திருந்து வர வேண்டும். அதற்குத் தனிப் படிப்பு. அந்தப் படிப்பில்தான் இரண்டு கட்சி.

இரண்டு கட்சியும் ஒரே கடைக்குள் இருந்தன. நடத்துபவர்கள் அண்ணன் தம்பி. அன்று எங்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போனவர் அண்ணன், அவரைப் பெரியவர் என்போம். அவர் கட்சி, குழு. எல்லோருக்கும் ஒரே கருவி, ஒரே இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், கண்ணைக் கட்டிவிட்டாலும் கூட வருபவரின் கத்தி எங்கே என்று கை தானாகப் போக வேண்டும். சின்னவர் கட்சி, தனி ஆள். கூட யாரும் இல்லை என்று வைத்துக்கொள், எல்லாவற்றிலும் இரண்டு எடுத்துக்கொள், உன் வினைக்கு நீயே மருந்து. பெரியவர் மாணவன் பெரியவர் மாணவனோடுதான் இறங்கலாம், அதில் அவர் கறார். காற்று நிரப்பும் கம்ப்ரஸர் ஒன்று என்பதால் அண்ணனும் தம்பியும் அதன் ஆயிலைப் பற்றி மட்டும் சண்டையில்லாமல் பேசிக்கொள்வார்கள். மதியம் ஒரே டப்பாவிலிருந்து பங்குபோட்டுச் சாப்பிடுவார்கள், அப்போதும் வாதம் ஓயாது. சேர்வதற்கு முன் இருவரிடமும் ஒவ்வொரு நாள் இறங்கிப் பார்க்கலாம் என்பது கடையின் சலுகை.

அடுத்த வாரம் சின்னவரிடம் இறங்கினேன். விலாவுக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர். "பக்கத்துல யாரும் இல்லன்னு நினைச்சுக்கோங்கக்கா. இருந்தா லாபம்," என்றார். பிறகு தண்ணீருக்கடியில் என் முகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார், ஒரு சிலிண்டரை மூடினார், காலில் கயிற்றைச் சுற்றிவிட்டார். ஒவ்வொன்றையும் நானே சமாளித்தேன். இதை எப்படிச் சொல்வது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். வயிற்றைத் தைத்து மூடும் முன் பஞ்சு எண்ணிக்கை சரியா என்று என் வாயைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். டாக்டருக்கு சிஸ்டர், மயக்கம் தெளியாதவருக்கு சிஸ்டர், வாசலில் அழுகிறவருக்கு சிஸ்டர். வீட்டிலும் மாத்திரை முதல் மகளின் பஸ் டிக்கெட் வரை என் தலையில். இந்தப் பச்சைத் தண்ணீரில் நான் பார்த்துக்கொள்ள வேண்டியது என்னை மட்டும். மேலே வந்தபோது வாய் காதுவரை போயிருந்தது என்று சின்னவர் பிறகு சொன்னார்.

என் கணவருக்கு நேர்மாறு. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தன்னந்தனியாக, கம்பியோடும் கிரீஸோடும் பேசிக்கொண்டிருப்பவர். "தனியா இருக்கறதுக்குக் காசு வேற கட்டணுமா?" என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

எங்கள் குளியலறையில் ஈர உடைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"நான் சின்னவர்கிட்ட சேரப் போறேங்க."

அவர் கையில் இருந்த உடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நான் சரியாக் குடுக்கலங்கறதாலயா?"

"அது இல்ல. கீழ நான் யாருக்கும் சிஸ்டர் இல்ல. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

"எனக்கும் சிஸ்டரா நீ?"

சிரிப்பு வந்தாலும் நான் சிரிக்கவில்லை. "உங்களோட இறங்கினா உங்க காத்து எவ்வளவு, உங்க கால் எங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருப்பேன். நிறுத்த முடியல."

"அப்போ அந்த ரூமுக்கு ஒண்ணாப் போக முடியாது."

"முடியாது."

அவர் அந்த உடையை உதறி, ஹேங்கரில் மாட்டி, தோள்பட்டையை நேர் செய்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி மனதை ஆற்றியிருப்பேன். "சரி, உனக்குப் பிடிச்சதச் செய்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்கப் போனார்.

பெரியவரிடம் சேர்ந்த அவருக்குக் கூட்டாளியாகக் கிடைத்தவர் ஒரு பல் டாக்டர், மீசையும் தொப்பையுமாக. நான் சிலிண்டரை விலாவில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் இருவரும் முழங்கால் ஆழத்தில் நின்று ஒத்திகை பார்ப்பார்கள். ஒருநாள் டாக்டர் கழுத்தருகே கையால் வெட்டிக் காட்டியதும் என் கணவர் கண் இமைக்காமல் தன் வாயில் இருந்ததைப் பிடுங்கி அந்த மீசைக்குள் கொடுத்தார். பிசகே இல்லை. பெரியவர் தலையசைத்தார். எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கொடுக்காததை ஊரான் மீசைக்குக் கொடுத்துவிட்டாரே என்று பொறாமைப்பட ஒருத்திக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. பட்டேன்.

கடைசிப் பரீட்சை இரண்டு கட்சிக்கும் ஒரே நாளில் வந்தது. கட்சிக்கொரு கயிறு, இடையே குரல் எட்டும் தூரம், தண்ணீரில் குரல் ஏது. "யார் டார்ச்சையும் பாக்காதீங்கக்கா. என்னையும் தேடாதீங்க. கணக்கு உங்க கையில," என்று சொல்லிவிட்டுச் சின்னவர் எனக்கு மேலே எங்கோ மறைந்துகொண்டார். நான் இறங்கினேன். எடை அறையின் கூரை, பிறகு சன்னல், பிறகு வாசல். உள்ளே மர ஸ்டூல் ஒன்று கவிழாமல் நின்றது. மேசைமீது மாவு சலித்ததுபோல வண்டல். நான் வாசலில் மிதந்தபடி பார்த்தேன். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, யாரையும் அழைத்துவர வேண்டியதில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவிலேயே ஒரு ஓரம், இதை அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டும் இருந்தது. நேரம் முடிந்து நான் மேலே ஏறத் தொடங்கியபோது எதிர்க் கயிற்றில் என் கணவர், டாக்டர், பெரியவர் மூவரின் வெளிச்சமும் இறங்கிப்போனது.

ஏறி வரும் வழியில் கடைசி நிறுத்தம்தான் நீளம். கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பாறைச் சுவரைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவர்களும் எதிர்க் கயிற்றில் வந்து நின்றிருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முன்னால் பாறையில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அது மெதுவாக ஒரு வட்டம் போட்டது. தண்ணீருக்கடியில் அதற்கு ஒரே அர்த்தம். நீ நலமா. பதிலும் அதேதான், ஒரு வட்டம்.

என் கணவர் என்னிடம் வரவில்லை. தன் கூட்டாளியை விட்டு நகரவும் இல்லை. அங்கிருந்தபடியே கேட்டுவிட்டு, வெளிச்சத்தை ஆட்டாமல் வைத்துக் காத்திருந்தார். வலிக்கிறதா, தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று நாள் முழுக்கக் கேட்கிறவள் நான். என்னைக் கேட்டால் என்ன செய்வது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. நான் பதில் போடுவதற்குள் பக்கத்திலேயே இன்னொரு வெளிச்சம் வந்து கோணல்மாணலாக ஒரு வட்டம் இழுத்தது, பல் டாக்டர். அடுத்து காம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒன்று, பெரியவரைத் தவிர யாரும் அப்படிப் போட முடியாது. மூன்றும் பாறையில் நின்று என்னைப் பார்த்தன. அப்போது எனக்கு மேலிருந்து, சற்றுத் தயங்கி, நான்காவது ஒன்று இறங்கி வந்தது. அவசரமாக ஒரு சின்ன வட்டம் போட்டது.

தண்ணீருக்குள் சிரிக்கக் கூடாது, கன்னம் சுருங்கினால் கண்ணாடிக்குள் தண்ணீர் புகும். புகுந்தது. மூக்கு முழுகியது, பாறையும் வெளிச்சங்களும் ஆடின. நான் டார்ச்சை உயர்த்தி, தோளிலிருந்து கையை நீட்டி, அந்த நான்கும் உள்ளே அடங்கும்படி ஒரே வட்டமாகச் சுற்றினேன், பிறகு நிறுத்த மனமில்லாமல் இன்னொரு சுற்று.