கடலுக்கு வந்த கிளிகள்

"கிளிங்க நம்மகூட வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாதுப்பா."

சின்னவள் இதைச் சொன்னபோது அப்பா ஊர் திரும்புவதற்காகத் துண்டுகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. வாடகை அறையின் ஜன்னலுக்கு வெளியே கடல் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த அம்மா இருமலை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கிளிகளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன் லாரியில் அடிபட்டுச் செத்த வாரத்திலேயே அப்பா அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டும் அவன் வளர்த்தவை. மூக்கன் விசிலடிப்பதோடு சரி. வாயாடிதான் பேசும். "அம்மா, பசிக்குது" என்று அவன் குரலில், அவன் இழுக்கிற அதே இழுப்போடு கூப்பிடும். அம்மா எங்கிருந்தாலும் "இதோ வரேன்டா" என்பாள்.

அவன் போன பிறகுதான் கூண்டு அம்மாவின் கட்டிலோரம் வந்தது. மூச்சிரைப்பும் வந்தது. மருந்து மாறியது, டாக்டர் மாறினார், இருமல் மட்டும் மாறவில்லை. வருஷத்தில் ஒரு வாரம் கடற்கரைக்கு வந்தால் ஆளே வேறாகிவிடுவாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடப்பாள். அலை வந்தால் பின்வாங்கும் அப்பாவைப் பார்த்து, "பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை பாக்கிற மனுஷன், காலு நனைய பயப்படுறாரு பாரு" என்று சிரிப்பாள். ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்குவாள். கடற்காற்றுக்கு மிஞ்சிய மருந்து கிடையாது என்று அப்பா பணிமனை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இந்த ஒரு வார விடுப்புக்காகப் பண்டிகை நாளில்கூட வேலைக்குப் போனார். அந்த வாரம் கிளிகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள்.

இந்த வருஷம் அக்கா வீடு மாறிப் போய்விட்டாள். கூண்டும் கூடவே வந்தது. அதே கடல், அதே காற்று, அதே அறை. அம்மா ஒரு நாள்கூடப் படியிறங்கவில்லை.

"கடற்காத்து ஒண்ணும் பண்ணலப்பா. கிளி இல்லாத காத்துதான் பண்ணிச்சு. இறகுத் தூசியும் காஞ்ச எச்சமும் நெஞ்சுல போய் உக்காருது. இப்படியே விட்டா நுரையீரல் கட்டையாப் போயிடும்."

"பரிசோதனைக்கூடத்துல ரத்தம் எடுக்கிறவ, டாக்டராட்டம் பேசாத. நம்ம குடும்பத்துல ஒருத்தி காலேஜ் போனது எங்களை மிரட்டவா?"

"டாக்டர் உங்ககிட்ட கேக்கவே இல்லையா, வீட்ல பறவை இருக்கான்னு?"

"யாரும் கேக்கல."

"கேட்டாரு" என்றாள் அம்மா. "நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. இல்லைன்னு சொல்லிட்டேன்."

அப்பா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். வாசலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரிஞ்சேவா சொன்ன?" சின்னவள் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"அவரு கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு. எடுத்துடுங்கன்னுதானே சொல்லுவாரு. அப்புறம் அப்படி யாரு என்னைக் கூப்பிடுவா?"

"நான் ஒருத்தி தினமும் கூப்பிடுறேனே. அது காதுல விழலியா?"

"நீ கூப்பிடுறது வேற."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "வாயாடி பேசுறதை ஃபோன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன். எப்ப வேணா கேட்டுக்கோ."

"அது செத்தவன் குரல்டி." அம்மா மூச்சு வாங்கினாள். "இது பசிக்குதுன்னா, நான் ஏதாவது போட முடியுதுல்ல."

சின்னவள் கூண்டருகே போனாள். கடற்கரைச் சாலைக் கோடியில் பறவைகள் வளர்க்கிற ஒருவரிடம் கிளிகளைத் தருவதாக நேற்றே பேசி முடித்திருந்தாள். ஈரத் துண்டு ஒன்றை எடுத்துக் கூண்டின் மேல் போர்த்தித் தூக்கினாள். உள்ளே இறக்கைகள் படபடத்தன.

"கொண்டுபோனா நீயும் என் முகத்துல முழிக்காத" என்றாள் அம்மா. எழுந்திருக்கப் பார்த்தாள். கால் தரையைத் தொடுவதற்குள் இருமல் அவளை மடக்கிப்போட்டது.

"முழிக்கல. நீ மூச்சு விடு."

வாசலை மறித்தபடி அப்பாவின் கால்கள் நீண்டிருந்தன. சின்னவள் எதிரில் வந்து நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கால்களை மட்டும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

படிக்கட்டில் பாதி இறங்கும்போது துண்டுக்குள்ளிருந்து வாயாடி கூப்பிட்டது. "அம்மா, பசிக்குது."

மேலே இருமல் நின்றது. "இதோ வரேன்டா" என்று குரல் வந்தது.

சின்னவள் கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மீதிப் படிகளையும் இறங்கித் தெருவுக்குப் போனாள்.