கடைசி நாலு கதவு

புது மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருபத்துநாலு கதவுக்கும் வார்னிஷ் அடித்து முடித்த பிறகுதான் பொறியாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன முகக்கண்ணாடியை எடுத்தார். பாலிஷ்காரிக்கு மனசு குளிர்ந்தும் போயிற்று, திக்கென்றும் ஆயிற்று. கதவின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைத்தான் அவள் பதினாலு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அடிப்பக்கத்தைப் பார்க்க வந்த முதல் மனிதர் இவர்தான்.

மரக்கதவு ஈரத்தில் ஊதிப்போவதே அடியிலிருந்துதான். முகத்துக்கு எத்தனை பூச்சு கொடுத்தாலும், தரையைப் பார்த்த விளிம்பை அப்படியே விட்டால் ஈரம் அங்கே குடியேறிவிடும். அதனால் கீலைக் கழற்றி, கதவைப் படுக்கப் போட்டு, அடியிலும் ஈரம் புகாதபடி இரண்டு பூச்சு சீலர் கொடுத்த பிறகே அவள் மாட்டவிடுவாள். கூட வேலை செய்யும் நாத்தனாருக்கு இது தினப்படி கேலி.

"யாரு அண்ணி தரையில படுத்துப் பாக்கப் போறா? பல்லிக்குக் காட்டவா இவ்ளோ பாலிஷ்?"

"பல்லி பாத்தாலும் பளபளன்னுதான் இருக்கணும்" என்பாள் இவள்.

திக்கென்றதற்குக் காரணம் வேறு. கடைசி நாலு கதவின்போது இவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். நாத்தனார்தான் தனியாகச் செய்து மாட்டவும் விட்டாள். அடியில் பூசினாயா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தும் இவள் கேட்கவில்லை; கேட்டால் மூன்று நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு கதவில் குறை இருந்தாலும் அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும், மேல்மாடி வேலையும் கிடையாது என்று பொறியாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவர் முட்டி போட்டார். கண்ணாடியைக் கதவுக்கு அடியில் நுழைத்து, கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினார். முதல் கதவில் தேன் நிறத்தில் விளிம்பு மின்னியது. அடுத்ததிலும் அப்படியே. பாலிஷ்காரியின் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பத்தாவது கதவில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"போதும்மா. இப்படி ஒரு வேலைய நான் பாத்ததில்ல. மேல்மாடியும் நீங்களே பண்ணுங்க."

அப்பாடா என்று இவளுக்கு மூச்சு வந்தது. டப்பாக்களை எடுத்துவைக்கக் குனிந்தாள்.

"சார்" என்றாள் நாத்தனார். குரலில் முறைப்பு இருந்தது. "பத்தோட எழுந்துட்டா எப்படி? கடைசி நாலும் நான் தனியாப் பண்ணது. அத யாரு பாப்பா?"

வேண்டாம் என்று பாலிஷ்காரி கண்ணால் ஜாடை காட்டினாள். நாத்தனார் கண்டுகொள்ளவே இல்லை. பொறியாளர் சிரித்துக்கொண்டே கடைசிக் கதவுக்குப் போய் மறுபடி முட்டி போட்டார். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்ததவிட இது இன்னும் வழவழன்னு இருக்கே. எத்தனை பூச்சு?"

"மூணு. அண்ணி இல்லாத நேரத்துல ஒரு குறை வந்தா அவங்க பேருல்ல கெட்டுப்போகும்."

பாலிஷ்காரி கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள். நாலு கதவின் முன்னாலும் தரையில் படுத்து, அவசரமே படாமல் பார்த்தாள். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து சேலைத் தூசியைக்கூடத் தட்டாமல், நடையில் நின்ற தச்சரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டாள்.

"எல்லாரும் இங்க வந்து படுங்க. என் நாத்தனார் பண்ண வேலைய ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."