ஹேண்ட் பிரேக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

குளத்துக்கரை ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் ஞானபூரணம் காரை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தாள். சிவப்புக் கார் ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல மெதுவாகப் பின்வாங்க ஆரம்பித்தது.

“ஏட்டி, வண்டி பின்னால போகுது!” என்றார் பக்கத்து சீட்டில் இருந்த அவள் புருஷன் அய்யாத்துரை.

“எனக்குத் தெரியாதா? நீங்க கத்தாதீங்க!”

பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சை அமுக்கினாள். கார் இன்னும் உற்சாகமாக இறங்கியது. கரையடியில் பிச்சம்மாள் அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருந்த பருத்திமார்ப் படப்பில் போய்ப் புதைந்து நின்றது. மேல்கூடு மடக்கியிருந்ததால் இருவர் தலையிலும் பருத்திமார் சரிந்தது.

பிச்சம்மாள் ஓடி வந்தாள். “இவ்வளவு பெரிய ஊர்ல என் படப்புதானா கெடச்சுது? இப்பத்தான் ஆட்டுக்குட்டிய அங்கன இருந்து அவுத்துட்டுப் போனேன்!”

புருஷனும் பெண்டாட்டியும் இறங்கிப் படப்பைத் திரும்ப அடுக்கிக் கொடுத்தார்கள்.

அது 1979. அய்யாத்துரைக்குச் சங்கரன்கோவிலில் இரும்புக்கடை. ராஜபாளையத்து மில்காரர் ஒருவருடைய ஷெட்டில் அந்தக் காரைப் பார்த்த நாள் முதல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, இரண்டே சீட்டு, பக்கத்துக்கு ஒன்றாக உருண்டை விளக்கு. வாங்கி வந்துவிட்டார். ஓட்டத்தான் வரவில்லை. கியர் போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

கற்றுக்கொடுத்த மெக்கானிக் இசக்கிப்பாண்டி கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணாச்சி, நீங்க கடையப் பாருங்க. இவ்வளவு நேரமும் நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்களே மதினி, அவங்க ஓட்டட்டும்.”

அய்யாத்துரைக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். ஞானபூரணம் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். மார்க்கெட் பக்கம் மாட்டுவண்டிகளுக்கு நடுவே அவள் நுழைந்து வெளியே வருவதைப் பார்க்கவே கடைவாசலில் ஆட்கள் நின்றார்கள். இனி லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை கேம்ப்; வண்டி ஓட்டுவதைச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். குளத்துக்கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் நகராமல் எடுக்கச் சொல்வார் என்பது ஊருக்கே தெரியும்.

“ஹேண்ட் பிரேக் கேபிள் தொய்ஞ்சு போச்சு” என்றான், படப்புச் சேதி கேட்டு வந்த இசக்கிப்பாண்டி. காருக்கு அடியில் படுத்து இறுக்கினான். சமதரையில் நிறுத்திப் பார்த்தார்கள். கார் மலை மாதிரி நின்றது. ஏற்றத்துக்குப் போனார்கள், வழுக்கியது. போதாததற்குப் பின்பக்கம் தீய்ந்த வாடை. இறங்கித் தொட்டுப் பார்த்தால் இடது சக்கரம் தோசைக்கல்லாகக் கொதித்தது.

“ரொம்ப இறுக்கிட்டேன் போல” என்று கொஞ்சம் தளர்த்திவிட்டு, “அப்ப லிவருல பல்லு தேஞ்சிருக்கும்” என்று அதைக் கழற்றி அரத்தால் ராவினான். அதன்பிறகு லிவர் ‘டக் டக்’கென்று கேட்கவே நன்றாக இருந்தது. கார் மட்டும் வழுக்கியது.

“இவ கையில பலம் பத்தல வே” என்றார் அய்யாத்துரை.

“அப்ப நீங்க இழுங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். கார் அவரையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. இந்தமுறை ஞானபூரணம் சரியாகக் கால்பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். அதற்குள் பிச்சம்மாள் முன்யோசனையாகப் படப்புக்கு முன்னால் ஒரு ஆட்டுரலை உருட்டி வைத்திருந்தாள்.

பட்டறை வேப்பமரத்தடியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். “அடுத்த கேம்ப்புக்குப் பாப்போமா மதினி?” என்றான் இசக்கிப்பாண்டி.

ஞானபூரணத்தின் மனசு அந்தத் தீய்ந்த வாடையிலேயே இருந்தது.

“ஏன் இசக்கி, ரெண்டு பக்கமும்தானே இறுக்குனீங்க? இடது சக்கரம் மட்டும் ஏன் சுட்டுது?”

அவன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். “வலது பக்கத்த நான் தொட்டே பாக்கலியே!”

பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஞானபூரணம் ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இடது சக்கரத்தை இசக்கிப்பாண்டி தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. வலது சக்கரத்தைத் தள்ளினான். அது ராட்டினமாகச் சுற்றியது.

“மதினி! ஒத்தச் சக்கரந்தான் இவ்வளவு நாளும் பிடிச்சிருக்கு! சமதரைக்கு அது போதும், ஏத்தத்துக்குக் காணுமா?”

வலது டிரம்மைக் கழற்றினால், உள்ளே பிரேக் கட்டை எண்ணெயில் போட்டு எடுத்த வடைபோலப் பளபளத்தது. ஆக்சில் முனையில் எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு கம்பளி வளையம் உண்டு. அது மக்கி, தொட்டதும் தூளாக உதிர்ந்தது. அந்த வழியாகத்தான் எண்ணெய் இறங்கியிருக்கிறது.

கட்டையைப் பெட்ரோலில் கழுவி, தீ வைத்து மிச்ச எண்ணெயைப் பொசுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஆனால் வளையத்துக்கு எங்கே போவது? மெட்ராசுக்கு எழுதிப் போட்டாலும் சனிக்கிழமைக்குள் வராது.

“நல்ல கெட்டிக் கம்பளி வேணும். பஞ்சு நிக்காது” என்றான் இசக்கிப்பாண்டி.

ஞானபூரணம் புருஷன் தலையைப் பார்த்தாள். இசக்கிப்பாண்டியும் பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் கடை வேலை பார்த்தபோது அவர் வாங்கிய, அகல விளிம்பு வைத்த கெட்டிக் கம்பளித் தொப்பி அதில் இருந்தது. காரில் ஏறும்போதெல்லாம் போட்டுக்கொள்வார்.

“இது மட்டும் வேண்டாம் பூரணம்” என்றார் அய்யாத்துரை.

அவள் வற்புறுத்தவில்லை. சரி என்று எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த ‘சரி’ அவருக்குப் பொறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “ஓரத்துல மட்டும் வெட்டு, என்ன?”

ஓரத்தில் வெட்டியது ஒரு சுற்றுக்குத்தான் வந்தது; இரண்டு சுற்று வேண்டியிருந்தது. விளிம்பு முழுக்கப் போய், மிச்சம் ஒரு கிண்ணம் மாதிரி நின்றது. அதையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “காத்துக்குப் பறக்காது, இதுதான் நல்லாயிருக்கு” என்றார்.

சனிக்கிழமை காலை பிரேக் இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி வந்தார். சிரிக்காத மனுஷர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஏற்றத்தின் பாதியில் நிறுத்தச் சொன்னார். “கால எடுங்கம்மா.”

ஞானபூரணம் லிவரை இழுத்தாள். காலை எடுத்தாள். கார் நின்றது.

கீழே அய்யாத்துரை கண்ணை மூடிக்கொண்டார். “அண்ணாச்சி, வண்டி நிக்கி! நிக்கி!” என்று இசக்கிப்பாண்டி அவர் தோளை உலுக்கினான்.

இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. இறங்கி முன்னால் போய், காரின் மூக்கில் கைவைத்துத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். “இந்தப் பழைய வண்டியிலயா!” என்று முதல்முறையாக முகம் மலர்ந்தார். பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார். ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் கார் கரைமேல் ஏறியது.

பின்னாலேயே நடந்து ஏறி மணியைப் பார்த்த இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். “ஐயோ, திருநெல்வேலி பஸ்ஸு! அத விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் ஆகும்.”

“ஏறி உக்காருங்க சார்” என்றாள் ஞானபூரணம்.

கரைமேல் புழுதி கிளம்பியது. இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது கீழேயிருந்தே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் தனியாகத் திரும்பி வந்தாள். தலைமுடியெல்லாம் பறந்து கிடந்தது.

“என்ன சொன்னாரு? பாஸா?” என்று ஓடினார் அய்யாத்துரை.

“வழியெல்லாம் வாயே தொறக்கல. பஸ்ஸ முந்திப் போயி மறிச்சு நிறுத்தினேன். ஏறி உக்காந்து, ஜன்னல் வழியா தலைய நீட்டி, ‘பாஸு! ஆனா இவ்வளவு வேகம் ஆகாதும்மா’ன்னாரு.”

இசக்கிப்பாண்டி துள்ளிக் குதித்தான். பிச்சம்மாள்கூடப் படப்புப் பக்கமிருந்து, “அப்ப இனிமே இங்கன வரமாட்டியளே?” என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

“ஏறுங்க ரெண்டு பேரும்” என்றாள் ஞானபூரணம். இசக்கிப்பாண்டிக்கு சீட்டு இல்லை. மடக்கிய கூட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“எங்க போறோம்?” என்றார் அய்யாத்துரை.

“சிவகிரி வரைக்கும். மலை தெரியுத ரோட்டுல ஓட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.”

“கடை?”

“பூட்டித்தானே கெடக்கு” என்று சொல்லிக்கொண்டே அவள் கியரைப் போட்டாள்.