நல்ல தண்ணிக் கிணறு

“நோய்க்குச் சாதி தெரியாது! ஒரு மனிதனின் ஆரோக்கியமே மனித குலத்தின் மானம்!”

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் தன் வீட்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று இதை முழங்கினார் கனகலிங்கம். ‘மானம்’ என்ற இடத்தில் உயர்ந்த கை மேலே தொங்கிய விளக்கில் இடித்தது.

“கை கவனம்,” என்றாள் மனைவி புஸ்பவதி. “சுனாமி நிதிக்குப் பேசிப் பழகேக்கையும் ஒரு பூச்சாடி போனது.”

மறுநாள் பூர்வகுடி நலவிழா. கிழக்கிலங்கையின் பாலையடிக்கரையில் வாழும் வேடுவ மக்களுக்கு மருத்துவ முகாம் நடத்த ஹம்பேர்க் தமிழர் சங்கம் முடிவு செய்திருந்தது; அதற்குக் காசு சேர்க்கத்தான் விழா. விளம்பரத் தட்டியில் வில்லேந்திய ஒரு வேடர் சின்னதாக நின்றார். சங்கத் தலைவர் கனகலிங்கம் பெரிதாகச் சிரித்தார். மேடையில் நிறுத்த ‘அந்த ஆக்களில்’ ஒருவரைத் தேடியபோது அகப்பட்டவள்தான் கிரிஜா. அதே ஊர்க்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்கிறவள். இப்போது சோபாவில் இருந்தாள். அவள் மடியில் ஒரு பிளாஸ்ரிக் வில்லை வைத்தார் கனகலிங்கம்.

“இதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாக் காணும் பிள்ளை. பேச்சை நான் பாக்கிறன்.”

“எங்கட அப்பா மீன் பிடிக்கிறவர் அண்ணன். வில்லை நான் இண்டைக்குத்தான் தொடுறன்.”

“அது சபைக்குத் தெரியாதுதானே!”

கிரிஜா வில்லை ஓரமாக வைத்தாள். “அக்காட மகள் திரும்பவும் ஆஸ்பத்திரியில கிடக்காள். வயித்தோட்டம். போன முறையே தப்பினது பெரிய காரியம்.”

“அதுக்குத்தானே முகாம்! டொக்டர்மார் வருவினம், குளிசை குடுப்பினம்.”

“குளிசையை எந்தத் தண்ணியில விழுங்கிற?”

கனகலிங்கம் கையிலிருந்த பேச்சைப் பார்த்தார். அதில் தண்ணீர் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“உங்கட கிணத்தைத் திறந்துவிட்டாப் போதும் அண்ணன். முகாமே வேணாம்.”

இலங்கையில் போர் ஓய்ந்த பிறகு பாலையடிக்கரையில் காணி வாங்கி, விடுமுறைக்குத் தங்க ஒரு வீடு கட்டியிருந்தார் கனகலிங்கம். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே நல்ல தண்ணிக் கிணறு அவருடைய மதிலுக்குள் வந்துவிட்டது. அதற்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டும் போட்டார். ஊர்ச்சனம் இப்போது களப்பு என்னும் உப்பங்கழியின் ஓரத்துக் குழியில் அள்ளிக் குடிக்கிறது. எருமைகள் படுத்தெழும்பும் குழி. மேலே பச்சைப் பாசி, அதன் கீழே சாணி கரைந்த தண்ணீர். பாசியை ஒதுக்கிவிட்டுத்தான் குடத்தைச் சரிக்க வேண்டும்.

“அது வேற விசயம்,” என்றார் கனகலிங்கம். “நாங்கள் போற நேரம் சாமிக்கு அள்ளுற தண்ணி அது. கண்டவையும் வாளி போட்டால் பிறகு அபிஷேகம் செய்யேலுமோ?”

“அந்தக் கிணத்தை வெட்டினதே எங்கட ஆக்கள்.”

“தெரியும். அதாலைதான் ஐயரைக் கூப்பிட்டுச் சுத்தி செய்விச்சனாங்கள்.”

“இப்பதானே நோய்க்குச் சாதி தெரியாதெண்டு கத்தினீங்க?”

“நோய்க்குத் தெரியாது பிள்ளை,” என்றார் கனகலிங்கம், பொறுமையாக. “எங்களுக்குத் தெரியுந்தானே.”

கிரிஜா எழுந்தாள். வில்லை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“நாளைக்கு நீங்களே பிடிச்சுக்கொண்டு நில்லுங்க. ஆக்கள் கேட்டா, கிரிஜா ஏன் வரேல்ல எண்டதையும் சொல்லுங்க.”

கதவு சாத்திய சத்தம் கேட்டது.

“திமிரைப் பாத்தியே?” என்றார். புஸ்பவதி அடுப்படிக்குப் போனாள். வடைக்கு உழுந்து ஊறப்போட்டாள்.

விழா வெகு சிறப்பாக நடந்தது. பொருளாளர் பாஸ்கரனின் மகள் கன்னத்தில் கரி பூசி, வில்லேந்தி நின்றாள். ‘மானம்’ என்ற இடத்தில் மண்டபம் எழுந்து கைதட்டியது. கிரிஜாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முழங்கி முழங்கித் தொண்டை வறண்டு, மேடையிலேயே ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடித்தார் கனகலிங்கம்.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றினார். சாவிக்கொத்தைக் கதவோரக் கொளுக்கியில் மாட்டினார். அதில் காரின் சாவிக்கும் நிலவறைச் சாவிக்கும் நடுவே பாலையடிக்கரைக் கிணற்றின் சாவி கிடந்தது. அதற்கு மாற்றுச் சாவி கிடையாது.