அடுத்த வருஷத்துக் கட்டில்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அளவெடுத்துத் தைத்த சட்டை அச்சு மாதிரி உட்காரும். ஆனால் சொந்த மகள் பட்டாணிக்கு மட்டும் எதுவுமே உட்காராது. வளர்கிற பிள்ளையாம்! பாவாடை ஓரத்தில் நாலு விரற்கடைத் துணியை மடித்து உள்ளே விட்டிருப்பாள். சட்டையின் தோள் முழங்கையை எட்டிப் பார்க்கும். ஷூவின் முனையில் பஞ்சு அடைத்திருக்கும்.

"இவ நடக்கிறாளா, இல்ல ஷூ இவளைக் கூட்டிட்டுப் போகுதா?" என்று பஸ் டிரைவரான அவள் புருஷன் கிண்டல் செய்வார். தையலக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

பட்டாணிக்கு ஏழு வயதாகியும் அப்பா அம்மா நடுவில்தான் படுக்கை. தூக்கத்தில் அவள் விடுகிற உதையில் டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் வேலைக்குக் கிளம்புவார். கடைசியில் தையலக்கா பெரிய மனசு பண்ணித் தன் தையல் அறையை மகளுக்கு விட்டுக்கொடுத்தாள். மெஷின் கூடத்துக்கு வந்தது. அவளுக்கென்று இருந்த ஒரே அறை அது. கொடுத்ததில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பிள்ளை அதில் நிம்மதியாகத் தூங்கிவிட்டால் அந்த வருத்தமும் போய்விடும் என்று நினைத்தாள்.

மரச்சாமான் கடைக்காரர் வாய் ஓயாத மனுஷர். "இது சும்மா கட்டில் இல்லக்கா, பிள்ளையோட சேர்ந்து வளர்ற கட்டில்" என்று கால்மாட்டுப் பலகையைப் பிடித்து இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு நீண்டது. மெத்தைக்கும் ஒட்டுத் துண்டுகள் இருந்தன. மேஜைக்கும் நாற்காலிக்கும் கால் நெடுகத் துளைகள். திருகாணியை மாற்றி மாற்றிப் போட்டால் உயரம் ஏறும். தையலக்காவுக்கு வாயெல்லாம் பல். மரத்திலும் உள்துணி விட்டுத் தைக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்களே!

தானே கட்டிலில் படுத்துப் பார்த்தாள், புரண்டு பார்த்தாள், சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நான் படுத்துப் பாக்கட்டுமா?" என்றாள் பட்டாணி.

"நீ வீட்டுல போய்ப் படுத்துக்கலாம் கண்ணு. இரு, அம்மா நீளம் பாக்குறேன்."

வீட்டுக்கு வந்து கட்டிலை மாட்டிக்கொடுத்த தச்சர் பட்டாணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சின்ன அளவுலதானேக்கா?" என்று கேட்டார்.

"இல்ல இல்ல, கடைசி அளவுலயே முடுக்கிடுங்க. வருஷா வருஷம் எவன் வந்து கழட்டி மாட்டுறது?"

"பாப்பா குட்டியா இருக்காளே?"

"இப்படியேவா இருந்துடப் போறா?"

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அனுபவசாலி.

அன்று இரவே பட்டாணி தலையணையோடு வந்து நடுவில் புகுந்துகொண்டாள். மறுநாளும் அதே கதைதான். சின்ன விளக்கு வாங்கி மாட்டினார்கள், பொம்மையைத் துணைக்கு வைத்தார்கள், சாக்லேட் ஆசை காட்டினார்கள். எதுவும் பலிக்கவில்லை. தையலக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அறையைக் கொடுத்தும் இந்த லட்சணமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டிப் பார்த்தபோது, பட்டாணி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"மேஜை எதுக்குடி இருக்கு?"

"எட்டலம்மா."

"சரி, கட்டில்ல படுக்க என்ன வலிக்குது? அது எட்டுதுல்ல?"

பட்டாணி தலையைத் தூக்கவில்லை. "அது பெரிய பட்டாணிக்கும்மா."

"யாருடி அது?"

"நான்தான். ஆனா இன்னும் நான் இல்லையே." மேகத்துக்கு நீலம் அடித்துக்கொண்டே சொன்னாள். "சட்டையும் அவளுக்கு, ஷூவும் அவளுக்கு. அவளுக்குத்தான் எல்லாம் சரியா இருக்கும். எனக்கு எப்பம்மா வாங்குவ?"

குறை சொல்கிற குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். தையலக்கா தெருவில் யாருக்கு இடுப்பு எவ்வளவு, யாருக்கு எந்தத் தோள் இறக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பெற்ற பிள்ளையின் இன்றைய அளவு அவளுக்குத் தெரியாது. இதுவரை எடுத்ததே இல்லை.

கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். "இங்க வந்து நில்லு."

பட்டாணி வந்து, எட்டாததை எல்லாம் எட்டிப் பிடிக்கிற பழக்கதோஷத்தில் நுனிக்காலில் எம்பி நின்றாள்.

"குதிகாலைக் கீழ வை கண்ணு. இன்னைக்கு எவ்வளவு இருக்கியோ அவ்வளவு போதும்."

அளந்து முடித்ததும் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, அந்த ஸ்பானரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

டிரைவர் விஷயத்தைக் கேட்டார், உடனே வேலையில் இறங்கினார். கட்டிலின் கால்மாட்டுப் பலகை உள்ளே போனது, மேஜை இறங்கியது, நாற்காலி குட்டையானது. பட்டாணி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் பதித்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி பதித்தாள். அப்புறம் யாரும் சொல்லாமலேயே கட்டிலில் போய்ப் படுத்தாள். தலைமாட்டில் ஒரு ஜாண், கால்மாட்டில் ஒரு ஜாண்தான் மிச்சம். பொம்மையைக்கூடக் கேட்கவில்லை, கொஞ்ச நேரத்தில் வாய் திறந்து தூங்கிப்போனாள்.

தையலக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவுதானா என் பிள்ளை என்று தோன்றியது. இவ்வளவு சின்னவளை இத்தனை நாள் சரியாகப் பார்க்காமலே இருந்துவிட்டோமே என்றும் நினைத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல, எப்படிக் கழட்டுறதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்று டிரைவர் கிசுகிசுத்தார். "அடுத்த வருஷம் ஒரு நிமிஷத்துல நீட்டிடலாம்."

"நீட்டலாம்" என்றாள் அவள். "மெதுவாவே வரட்டும்ங்க, அடுத்த வருஷம்."