அக்கா கேட்ட நரகம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்கப்பட்டது. அத்தான் இறந்து நாற்பது நாள் இருக்கும். அக்கா போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற வழக்கமான விசாரணை எதுவும் இல்லை.

“நீ கதை எழுதுறவன்தானே? நரகம் எப்படி இருக்கும்னு எனக்கு எழுதிக் குடு” என்றாள்.

பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். என் புத்தகம் எதையும் அவள் பத்துப் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. படித்தவரையில், எல்லாரும் ஏன் இப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவள் வாய்விட்டுக் கேட்ட முதல் கதை இது. முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

(நாற்பது நாள் என்பது என் உத்தேசம். அவளைக் கேட்டால் மணியோடு சொல்வாள்.)

2

தொடக்கம் ஒன்று: நரகத்தின் வாசலில் ஒரு காவலாளி

நிறுத்திவிட்டேன். காவலாளி வந்தால் அவருக்கு மீசை வரும். மீசை வந்தால் கதை சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

தொடக்கம் இரண்டு: அங்கே நெருப்பு இல்லை. நீங்கள் நினைத்திருந்ததற்கு நேர்மாறாக, அங்கே

இது வெறும் கெட்டிக்காரத்தனம். அடித்தாயிற்று.

தொடக்கம் மூன்று: அது ஒரு நீண்ட வரிசை. எல்லோர் கையிலும் ஒரு சீட்டு

இந்த வரிசையில் எனக்கு முன்னால் ஆயிரம் எழுத்தாளர்கள் நிற்கிறார்கள். நான் ஆயிரத்தொன்றாவது ஆளாக நிற்கப்போவதில்லை.

சிக்கல் என்னவென்றால், எனக்கு நரகத்தில் நம்பிக்கை கிடையாது. கடலையே பார்க்காதவன் நீச்சல் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய கதைதான். அந்த நம்பிக்கையை என்னிடமிருந்து பிடுங்கிப் போட்டவர் அத்தான். ஆகவே நரகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவரை எழுதுகிறேன்.

3

அத்தான் தராசு பழுதுபார்ப்பவர். மளிகைக் கடை, மருந்துக் கடை, பார்சல் அலுவலகம், பிறந்த குழந்தையை எடைபோடும் ஆஸ்பத்திரி என்று ஊர் முழுக்க அவருக்கு வேலை இருந்தது. ஆள் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் கனம், பிடித்த இடத்தைவிட்டு அசையமாட்டார். கடைக்காரர்கள் எடைக்கல்லின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள்: படிக்கல். அவரிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றை வெறும் கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப் பிசுக்கு எடையில் ஏறிவிடும் என்பார். நான் ஒருமுறை தொட்டுவிட்டேன். ஒரு வார்த்தை திட்டாமல், என் கண்ணெதிரே அதைத் துணியால் துடைத்துத் துடைத்தே அரைமணி நேரம் என்னைக் கொன்றார்.

அக்கா வாரம் தவறாமல் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிறவள். அத்தான் வாசல்வரை கொண்டுவிட்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று, முடிந்ததும் கூட்டிவருவார். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. நரகத்தைப் பற்றி அவருக்கு இருந்த ஆட்சேபம் முழுக்கத் தொழில் சார்ந்தது. எனக்குப் பதினேழு வயதில் சொன்னார்:

“தப்பே இல்லாத தராசு கிடையாதுடா. எவ்வளவு தப்பு வரலாம்னு ஒரு அளவு வச்சிருக்கோம், அதுக்குள்ள இருந்தா முத்திரை. ஒரு மனுஷனைக் காலாகாலத்துக்கும் நெருப்புல போடணும்னா, அந்தத் தராசுல மயிரிழைகூடத் தப்பு இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணை நான் இன்னும் பார்க்கலை.”

நான் அன்றே கட்சி மாறிவிட்டேன்.

* அக்கா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உங்கள் முத்திரை அங்கே செல்லாது என்று மட்டும் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

4

இனி வருவதை நான்கு முறை எழுதினேன்.

அக்காவின் கூடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நம்பாதவர் சாகும் தறுவாயில், நம்புகிறேன் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். கேட்டதாக ஒருவர் சாட்சி சொல்லிவிட்டால் அவரும் நம் ஆள். சொல்லாதவருக்குக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் குழி, அதற்கப்புறம் நரகம். அத்தானின் கடைசி மதியம் ஆஸ்பத்திரி அறையில் அக்கா மட்டும் இருந்தாள். நானும் கூடத்துப் பெரியவரும் வராந்தாவில் நின்றோம். கதவைத் திறந்து வெளியே வந்து, “சொல்லிட்டார்” என்றாள்.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானை வேலிக்கு இந்தப் பக்கம் புதைத்தோம். அவர் எழுந்து வந்து தகராறு செய்யவில்லை என்பதே, செத்தபின் ஒன்றுமில்லை என்பதற்கு என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.

எழுதும்போது அந்த அறைக்குள் நானும் போக வேண்டியிருந்தது.

அத்தான் மெல்ல உதடுகளைத் திறந்து, நான்

அத்தானின் கண்ணோரம் ஈரம். அவர் கடைசியாகச் சொன்ன அந்த

வரவில்லை. பாத்திரங்கள் எழுதுகிறவனுக்குக் கட்டுப்படாது என்று மேடையில் பேசும் எழுத்தாளர்களைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன். எத்தனை முறை படுக்கவைத்தாலும் அந்த மனிதர் அந்த வரியைச் சொல்ல மறுக்கிறார்.

5

கையிலிருந்த அரைகுறையை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். சீருடை தைக்கும் கம்பெனிக்குப் பட்டன் துளை போட்டுக்கொடுப்பது அவள் வேலை. மடியில் ஒரு சட்டை, பக்கத்தில் முப்பது சட்டை. நான் வாசிக்க வாசிக்க அவள் ஊசியை நிறுத்தவில்லை. காவலாளி, நெருப்பு, வரிசை எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு. அங்கே ஆட்களைத் தனித்தனியாக வைப்பார்களா, சேர்த்து வைப்பார்களா? முகம் அடையாளம் தெரியுமா? பேசவிடுவார்களா, ஒரு பத்து நிமிடமாவது?

“எதுக்குக்கா இதெல்லாம்? அவர்தான் சொல்லிட்டாரே. உன் நம்பிக்கைப்படி அவர் அங்க இல்லையே.”

“சொல்லலை” என்றாள் அக்கா.

அன்று அவர் காதருகே குனிந்து அந்த வரியை மூன்று முறை சொன்னாளாம். கூடவே சொல்லுங்கள் என்று கெஞ்சினாளாம். மூன்றாவது முறை அவர் கண்ணைத் திறந்து, மணி மூன்றாகிறது, நீ போய்ச் சாப்பிடு என்றாராம். அதுதான் கடைசிப் பேச்சு. அதன்பிறகு அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வராந்தாவுக்கு வந்து பொய் சொன்னாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் அத்தான் கடைசிவரை அசையவில்லை. ஆனால் எதிரே அக்காவின் முகம் இருந்தது. பொய்ச்சாட்சி அவர்கள் கூடத்தில் பெரும் பாவம், அதற்கும் அதே இடம்தான். பயந்துபோய்த்தான் நரகத்தை விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். ஆகவே சாத்தான் மாதிரி வேதம் ஓதினேன். பிரியத்தில் சொன்ன பொய்தானே, நீ நம்புகிறவர் இரக்கமுள்ளவர் என்று நீதானே சொல்வாய், மனம் வருந்தி ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது என்றேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“கேட்டா மன்னிச்சிடுவார்டா. அதனாலதான் கேக்கலை.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவள் அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“முப்பத்தொரு வருஷம் எனக்காக வாசல்லயே நின்ன மனுஷன். அவர் இல்லாத இடத்துல நான் போய் என்னடா பண்ணுவேன்?”

இப்போதும் வாரம் தவறாமல் கூடத்துக்குப் போகிறாளாம். எல்லாப் பிரார்த்தனையும் சொல்கிறாளாம். எல்லோரும் மண்டியிட்டுப் பாவமன்னிப்புக் கேட்கும் இடம் வரும்போது மட்டும் வாயை இறுக்க மூடிக்கொள்கிறாளாம். அது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, பழக்கத்தில் உதடு தானாக அசைகிறது என்றாள். இதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

6

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

அ. அத்தான் சொன்னதே சரி, அப்புறம் ஒன்றுமில்லை. இதைத்தான் பதினேழு வயதிலிருந்து நம்புகிறேன். இப்போது எழுதக் கை வரவில்லை. இவ்வளவு தூரம் கிளம்பி நிற்பவளிடம், அப்படி ஓர் ஊரே இல்லை என்று எப்படிச் சொல்வது? நரகம் இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்குகிறேன். நம்பாதவன் என்பதால் எனக்கும் அங்கே இடம் உண்டு. இரண்டு பேரையும் பார்க்கலாம்.

ஆ. நரகம் இருக்கிறது, அக்காவும் போய்ச் சேர்கிறாள்.

அக்கா உள்ளே வந்தபோது அத்தான் எழுந்து

எழுந்து என்ன? சந்தோஷப்பட்டார் என்று எழுதினால் அது என் பொய்ச்சாட்சி. அவர் தலையில் அடித்துக்கொள்வார். உனக்கென்ன பைத்தியமா, எதற்கு இங்கே வந்தாய் என்று கத்துவார். அப்புறம் நகர்ந்து இடம் விடுவார். இது என் ஆசை.

இ. அக்கா நம்புகிறவர், அவள் கேட்காமலே மன்னித்துவிடுகிறார். அக்காவைத் தூக்கிக்கொண்டுபோய் நல்ல இடத்தில் விட்டுவிடுகிறார். வெளிச்சமான இடம், வலி இல்லை, பசி இல்லை. அவள் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறாள். இந்தக் கதையில் எனக்குப் பயமாக இருக்கும் முடிவு இது ஒன்றுதான். அவள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இதுதான் நடக்கும் என்றும் தோன்றுகிறது.

மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. யாரிடம் இருக்கிறதோ அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. உங்களில் சிலருக்கு இருக்கலாம். நம்பாதவர்கள் இத்துடன் புத்தகத்தை மூடிவிடலாம். நம்புகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். படித்து மனம் இளகி, இன்று மண்டியிடும்போது என் அக்காவின் ஞாபகம் வந்தால், தயவுசெய்து அவளுக்காகப் பிரார்த்தனை செய்துவிடாதீர்கள்.